சேப்பாக்கத்தில் காற்றைக் கவனியுங்கள்!

கிரிக்கெட் ஆட்டம் பார்க்க உங்களைச் சென்னைக்கு, சேப்பாக்கம் மைதானத்துக்கு அழைத்துப் போவதாக வீட்டில் சொன்னால் என்ன ஆகும்? முதல்நாள் இரவு தூக்கமே வராது, அல்லவா? எந்த அணி வெல்லும், யார் சதம் அடிப்பார் என்றெல்லாம் சொல்ல நாளிதழ்கள் இருக்கின்றன. அதை அவற்றுக்கே விட்டுவிடுவோம். எந்த அணியிலும் சேராமல் எல்லா ஆட்டங்களிலும் கலந்துகொள்ளும் ஒன்று அந்த மைதானத்தில் உண்டு. அதுதான் காற்று. ஒலியைச் சுமந்து வருவதும், வியர்வையை உலர்த்துவதும், உலர்த்த மறுப்பதும், பந்தை வளைப்பதும், இரவில் புல்லை நனைப்பதும் எல்லாம் அதன் வேலைதான். சில சமயம் ஆட்களைச் சாய்ப்பதும் உண்டு. இந்த முறை ஆட்டத்தோடு சேர்த்துக் காற்றையும் கொஞ்சம் கவனிப்போமா?

நீங்கள் திருப்பாலைவனத்தில் பேருந்து ஏறுவதாக வைத்துக்கொள்வோம். (பெயரைக் கேட்டு மணல்வெளியைக் கற்பனை செய்துவிடாதீர்கள். பாலை மரத்தால் வந்த பெயர் என்பார்கள். கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பழவேற்காடு ஏரி. அதற்கும் அப்பால் வங்கக் கடல்.) பொன்னேரியில் இறங்கி மின்சார ரயிலைப் பிடித்தால் சென்னை. அங்கே பறக்கும் ரயிலுக்கு மாறினால் சேப்பாக்கம் நிலையம். 1995-இல் பறக்கும் ரயில் முதன்முதலாக ஓடியதே சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் இந்தச் சேப்பாக்கத்துக்கும் இடையில்தான். இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது.

அவசரப்பட்டு உள்ளே ஓடவேண்டாம். நிலையத்தை ஒட்டித் தேங்கி நிற்கும் கறுத்த நீரைப் பாருங்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதி 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. கூவத்துக்கு வடக்கே உள்ள பகுதி அதைவிடப் பழையது. 1806-இல் தொடங்கி எண்ணூர் வரை வெட்டி, பிறகு எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் தெரியுமா? உங்கள் பழவேற்காடு ஏரியில்! ஒரு காலத்தில் விறகும் உப்பும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் அந்தப் பக்கத்திலிருந்து இந்த நகரத்துக்கு இதன் வழியேதான் வந்தன. இன்று படகு போகிற நிலையில் கால்வாய் இல்லை. என்றாலும், ஏரிக்கரையில் நீங்கள் தினமும் பார்க்கிற காற்றும் ஈரமும் உங்களோடு இந்த மைதானம் வரை வந்திருக்கின்றன. கடல் இங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான்.

கண்ணுக்கு முன்னே, காதுக்குப் பின்னே

இருக்கையில் அமர்ந்தாயிற்று. பந்து வீச்சாளர் ஓடி வருகிறார். மட்டையாளர் மட்டையைச் சுழற்றுகிறார். பந்து மட்டையில் படுவது தெரிகிறது. 'டொக்' என்ற ஓசை? அது சற்றுப் பின்னால்தான் வருகிறது. தொலைக்காட்சியில் இது தெரியாது. அங்கே ஒலிவாங்கியை விக்கெட்டுக் குச்சிக்கு அருகிலேயே வைத்துவிடுகிறார்கள். ஏரியில் தொலைவில் ஒருவர் படகில் ஆணி அடிப்பதைக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சுத்தியல் மேலே போன பிறகுதான் அடித்த ஓசை வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 331 மீட்டர். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் சுமார் 0.6 மீட்டர் கூடும். சென்னையின் 30 டிகிரியில் 349 மீட்டர். 350 என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் இருக்கை மட்டையாளரிடமிருந்து 105 மீட்டர் தொலைவில் இருந்தால் ஓசை வந்துசேர 0.3 விநாடி ஆகும். ஓங்கி அடிக்கப்பட்ட பந்து விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், ஓசை உங்களை எட்டுவதற்குள் பந்து 9 மீட்டர் ஓடியிருக்கும்.

இதனால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மைதானத்தில் எல்லாரும் தாளம் தவறாமல் ஒன்றாகக் கைதட்ட முயல்வார்கள். உங்கள் பகுதியில் சரியாக இருக்கும். எதிர்ப்புறத்தோடு சேராது. அவர்கள் 200 மீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களுடைய தட்டல் உங்களை எட்ட அரை விநாடிக்கு மேல் ஆகிறது. அதைக் கேட்டு நீங்கள் தட்டினால், அது அவர்களிடம் போய்ச்சேர மேலும் அரை விநாடி! படகில் 'ஏலேலோ' போட்டு வலை இழுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்து மீட்டர்தான் என்பதால், குரலும் கையும் ஒன்றாகவே இயங்கும்.

வியர்வையும் கருவாடும்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். பகல் ஆட்டமானால் இதற்குள் உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு. சேப்பாக்கத்தில் சுமார் 38 ஆயிரம் பேர் அமரலாம். மைதானம் நிறைந்துவிட்டால் 38 ஆயிரம் குண்டு பல்புகள், அதாவது 3800 கிலோவாட்! மேலே வெயில் வேறு. இந்த வெப்பம் எப்படியாவது உடலைவிட்டுப் போயாகவேண்டும்.

காற்று உங்கள் தோலைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே வெளியேறும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சென்னையில் கோடைப் பகலில் காற்றே அதைத் தாண்டிவிடுகிறது. அப்போது உடலுக்கு மிஞ்சியிருப்பது ஒரே வழிதான், வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. உட்கார்ந்திருக்கும் ஒருவரின் 100 வாட்டைப் போக்க, மணிக்கு 150 கிராம் வியர்வை ஆவியானால் போதும். ஒரு தேநீர்க் கோப்பை அளவு.

ஆவியாகவேண்டும் என்பதைக் கவனியுங்கள். வழிந்து சொட்டுகிற வியர்வையால் பயன் அநேகமாக இல்லை. நீர் வீணாவதுதான் மிச்சம். இதைப் பழவேற்காட்டில் கருவாடு காயவைப்பவர்களுக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. வறண்ட காற்று வீசும் நாளில் மீன் சீக்கிரம் உலரும். ஈரக்காற்று வீசும் நாளில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் உலர நேரமாகும். காற்றே அசையாத புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். மீனைச் சுற்றியுள்ள காற்று ஏற்கெனவே நீராவியால் நிரம்பியிருந்தால், மீனிலுள்ள நீர் எங்கே போகும்? உங்கள் தோலுக்கும் அதே விதிதான். (மைதானத்தின் நடுவே உள்ள ஆடுகளத்துக்கும் அதே விதிதான். களிமண் உலர உலரச் சுருங்கி வெடிக்கும். கோடையில் ஏரி வற்றிய சேற்றுப் பரப்பில் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்களே! அப்படிக் காய்ந்த களத்தில்தான் 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டுகளைச் சுழற்பந்தால் வீழ்த்தினார்.)

வியர்வை உலரவும் வழியில்லை, வேறு எந்த விதத்திலும் வெப்பம் போகவில்லை என்றால் என்ன ஆகும்? உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உடலின் ஒவ்வொரு கிலோவையும் ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 3.5 கிலோஜூல் தேவை. 50 கிலோவுக்கு 175. சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு 360 கிலோஜூல் சேர்கிறது. ஆக, மணிக்கு 2 டிகிரி! 37-இல் தொடங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் 40. அது உயிருக்கே ஆபத்தான எல்லை. ஓடியாடுபவருக்கு இதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஏறும்.

ஆட்ட வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை இந்த மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் டெஸ்ட் ஆடின. ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 502 நிமிடங்கள், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் மட்டை பிடித்து 210 ஓட்டங்கள் எடுத்தார். இடையில் தசைகள் இழுத்துக்கொண்டன. ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். ஆட்டமிழந்த பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இரத்தக் குழாய் வழியே உப்புநீர் ஏற்றினார்கள். அந்த டெஸ்ட் கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் வெற்றி தோல்வியின்றிச் சமநிலையில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தது அதற்குமுன் ஒரே ஒரு முறைதான், 1960-இல் பிரிஸ்பேனில். அந்த வெக்கையிலும் ஆஸ்திரேலியாவின் கிரெக் மாத்யூஸ் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பந்து வீசிப் பத்து விக்கெட்டுகள் எடுத்தார். பாலைவன மக்கள் தடித்த அங்கி அணிவதுண்டு; அங்கே காற்று வறண்டது, வெயிலை மறைத்தால் போதும். சென்னையில் நீங்கள் அதைப் பின்பற்றவேண்டாம்! இதே மைதானத்தில் 1997 மே 21 அன்று பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 ஓட்டங்கள் எடுத்து அந்நாளைய உலக சாதனை படைத்தார். தசைப்பிடிப்பால் அவரால் ஓட முடியாமல், அவருக்காக இன்னொருவர் ஓடினார்.

இப்படிப்பட்ட ஆட்டங்களைப் பற்றி எழுதும்போது 'வெப்பம் 40 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்' என்று சேர்த்து எழுதிவிடுவது வழக்கம். இரண்டும் ஒரே நாளில் நிகழலாம். ஒரே நேரத்தில் நிகழ்வது அரிது. ஏன் என்று பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்று 28 டிகிரியில் ஏறத்தாழ 27 கிராம் நீராவி வரை தாங்கும். விடியற்காலையில் 80 சதவீதம் ஈரப்பதம் என்றால் அதில் சுமார் 22 கிராம் இருக்கிறது என்று பொருள். அதே காற்று பிற்பகலில் 38 டிகிரிக்குச் சூடாகிறது. இப்போது அதன் கொள்ளளவு 46 கிராம். உள்ளே இருப்பதோ அதே 22 கிராம். ஆகவே ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காலைக் கணக்கையும் மாலைக் கணக்கையும் கூட்டிவிடக்கூடாது. சரி, அப்படியானால் கவலை இல்லையா? இருக்கிறது. 38 டிகிரியில் பாதி ஈரப்பதம் என்பதே உடலுக்குக் கடுமையான நிலைதான்.

வெப்பம், ஈரம் இரண்டையும் சேர்த்துக் காட்ட ஓர் எளிய அளவு உண்டு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரண்டு வெப்பமானிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, துணியின் நுனி ஒரு சிறு குவளை நீரில் இருக்கும்படி வையுங்கள். விசிறியால் வீசுங்கள். ஈரக்குமிழ் காட்டும் வெப்பநிலை இறங்கி ஓரிடத்தில் நிற்கும். வியர்வை உலர்வதால் உங்கள் தோல் அதிகபட்சம் எவ்வளவு குளிர முடியும் என்பதை அந்த எண் சொல்கிறது. இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா இருந்தாலும் மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது என்று 2010-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, 31 டிகிரி அளவிலேயே உடல் தடுமாறத் தொடங்குவது தெரிந்தது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. 2024 அக்டோபர் 6 அன்று, இந்த மைதானத்துக்கு அருகிலேயே உள்ள மெரினா கடற்கரையில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைக் காணப் பல இலட்சம் மக்கள் கூடினார்கள். வெயிலிலும் புழுக்கத்திலும் பலர் மயங்கி விழுந்தனர். ஐந்து பேர் உயிரிழந்தனர். அக்டோபர் கோடையும் அல்ல. கடல் கண்ணெதிரே இருந்தது. அப்படியிருந்தும் இது நடந்தது.

ஆகவே மைதானத்துக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் தேடவேண்டியது குடிநீர் இருக்கும் இடத்தை. பொதுவாகத் தண்ணீர்ப் புட்டிகளை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் அவ்வப்போது குடியுங்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. உப்புப் போட்ட மோர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. தளர்ந்த பருத்திச் சட்டை, தலைக்குத் துணி. பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடல் கொதித்தாலோ, 'களைப்பு' என்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, கிடைத்த அட்டையால் வேகமாக விசிறுங்கள். உடனே மைதான மருத்துவ உதவியாளரையோ 108-ஐயோ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. விசிறுவது எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும்: தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை விரட்டி, ஆவியாவதற்கு இடம் கொடுக்கத்தான்.

கொடி திரும்பும் நேரம்

விசிறுகிற வேலையைப் பெரிய அளவில் செய்கிற ஒன்று சேப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மைதானத்தின் உச்சியிலுள்ள கொடிகளைப் பாருங்கள். முற்பகலில் ஒருவேளை அவை கடல் பக்கம் பறந்துகொண்டிருக்கும். அதாவது காற்று நிலத்திலிருந்து வருகிறது. நண்பகலை ஒட்டி அவை தொங்கிப்போகும். மைதானம் முழுவதும் 'உஸ்… உஸ்…' என்ற சத்தம்தான். பிறகு திடீரென்று கொடிகள் எதிர்த்திசையில் படபடக்கும். கடற்காற்று வந்துவிட்டது!

கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று நம் முன்னோர் திசைக்கொரு பெயர் வைத்தார்கள். பிற்பகலில் சென்னைக்கு வரும் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகிறது. ஒரு கிலோ மணலை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 0.8 கிலோஜூல் போதும். ஒரு கிலோ நீருக்கு 4.2 வேண்டும். மேலும், வெயில் மணலின் மேற்புறத்தை மட்டுமே சுடுகிறது. நீரிலோ அது ஆழத்துக்கு இறங்குகிறது, அலைகளும் கலக்கிவிடுகின்றன. ஆகவே ஒரே சூரியனின் கீழ் நிலம் கொதிக்கிறது, கடல் அப்படியே இருக்கிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று சூடாகி மேலெழ, அங்கே அழுத்தம் குறைய, அதை நிரப்பக் கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது.

எல்லா நாளும் அது குறித்த நேரத்தில் வருவதில்லை. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும். கடற்காற்றுக்கும் அதற்கும் கரையருகே ஒரு தள்ளுமுள்ளு. மேற்குக் காற்றின் கை ஓங்கினால் கடற்காற்று பிற்பகல் வெகுநேரம் வரை உள்ளே வர முடியாது. வெப்பமானி 40-ஐத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. 2003 மே மாதத்தில் சென்னையில் 45 டிகிரி பதிவானது.

கடற்காற்று நுழைந்ததும் வெப்பநிலை சட்டென்று சில டிகிரி இறங்கும். ஆனால் அது தன்னோடு ஈரத்தையும் கொண்டுவருகிறது. அப்படியானால் வியர்வை உலர்வது எப்படி? அது நகர்ந்துகொண்டே இருப்பதால்தான். தோலருகே நிரம்பிய காற்றைத் தள்ளிவிட்டு, சற்றே வறண்ட காற்றைத் தொடர்ந்து கொண்டுவருகிறது. நகராத ஈரக்காற்று நமக்குப் பகைவன். நகர்கிற ஈரக்காற்று நண்பன்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. விளையாட்டு மைதானம் என்பது ஒரு பெரிய கிண்ணம். எல்லாருக்கும் ஆட்டம் தெரியவேண்டும் என்றால் இருக்கைகளைப் படிப்படியாக உயர்த்திச் சுற்றிலும் கட்டவேண்டும். கிண்ணத்தின் சுவர் உயர உயர, காற்று அதன் மேலே தாவிப் போய்விடும். அடியில் இருப்பவர்களுக்குப் புழுக்கம்தான். சேப்பாக்கத்தின் பழைய காட்சிமாடங்களில் கனமான கான்கிரீட் கூரையும், பார்வையை மறைக்கும் தூண்களும் இருந்தன. 2011 உலகக் கோப்பையை ஒட்டி அவற்றில் பலவற்றை இடித்துவிட்டுப் புதியவை கட்டினார்கள். வடிவமைத்தது லண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் நிறுவனம். காட்சிமாடங்களைத் தொடர்ச்சியான சுவராகக் கட்டாமல், கடற்காற்று உள்ளே புக இடைவெளிகள் விட்டார்கள். கூரைக்குக் கான்கிரீட்டுக்குப் பதிலாகக் கம்பி வடங்களால் இழுத்துக் கட்டிய கூம்பு வடிவ வெண்ணிறத் துணி. படகுப் பாயைப் போல இழுவிசையால் விறைத்து நிற்பது அது. வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சிறிதளவு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். கான்கிரீட்டைப் போல வெப்பத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மாலையில் உங்கள் தலைமேல் இறக்காது. ஆட்டம் பார்க்கப் போகும் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடைவெளிகள்தான். ஒன்றும் கட்டாமல் விட்ட இடமும் பொறியியல்தான், அல்லவா?

பந்தும் பனியும்

கடற்காற்று வந்ததும் வேகப்பந்து வீச்சாளரின் முகம் மலர்வதைப் பார்க்கலாம். 'ஈரக்காற்று கனமானது, அதனால் பந்து நன்றாக வளையும்' என்று பக்கத்து இருக்கைக்காரர் விளக்குவார். நீங்கள் மெதுவாக அவரைத் திருத்தலாம். நீராவியின் மூலக்கூறு எடை 18. வறண்ட காற்றின் சராசரி எடையோ 29. ஆகவே நீராவி சேரச் சேரக் காற்று இலேசாகத்தான் ஆகும்!

பந்து வளைவது அதன் தையலால். தையல் சாய்வாக இருக்கும்படி வீசினால், ஒரு பக்கத்தில் பந்தை ஒட்டி ஓடும் காற்று தையலில் இடறிக் குழம்புகிறது. குழம்பிய காற்றுப் படலம் பந்தின் பரப்பை நெடுந்தூரம் ஒட்டிக்கொண்டு போய்ப் பிரியும். மறுபக்கத்தின் சீரான படலமோ முன்னதாகவே பிரிந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வால் பக்கவாட்டில் ஒரு விசை பிறந்து, தையல் காட்டும் திசையில் பந்து வளைகிறது. நாசாவில் பணியாற்றிய ரபி மேத்தா இதைக் காற்றுச் சுரங்கங்களில் விரிவாக ஆராய்ந்தவர். ஈரப்பதம் கூடினால் பந்து அதிகம் வளைகிறது என்பதற்குச் சோதனைகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. பந்து வீச்சாளர்களோ தம் நம்பிக்கையை விடுவதாக இல்லை!

ஈரம் சந்தேகமின்றித் தன் கைவரிசையைக் காட்டுவது இரவில்தான். சூரியன் மறைந்ததும் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சீக்கிரம் குளிர்கிறது. சென்னைக் காற்றில் நீராவி நிறைந்திருப்பதால், புல் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தாலே போதும், பனித்துளிகள் படிந்துவிடும். பந்து புல்லில் உருண்டு நனையும். சுழற்பந்து வீச்சாளரின் விரல் வழுக்கும். ஆகவேதான் இரவு ஆட்டங்களில் பணியாளர்கள் நீண்ட கயிற்றை இரு புறமும் பிடித்துப் புல்வெளிமேல் இழுத்துக்கொண்டு போகிறார்கள், துளிகளை உதிர்ப்பதற்காக. மார்கழி விடியலில் படகின் பலகை நனைந்து கிடப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் காற்று நன்றாக வீசும் இரவில் பனி குறைவு. குளிர்ந்த புல்லருகே உள்ள காற்றை அது நிற்கவிடாமல் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றோடு கலக்கிவிடுகிறது.

வெளியே வரும்போது

ஆட்டம் முடிந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள். இங்கும் காற்றைப் பற்றிய ஒரு செய்தி உண்டு. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். இத்தகைய நெரிசல்களில் மிதிபட்டு இறப்பவர்களைவிட, மூச்சு முட்டி இறப்பவர்களே மிகுதி. சுற்றிலும் காற்று இருக்கும். ஆனால் நான்கு பக்கமும் நெருக்குவதால் மார்பு விரிய இடம் இருக்காது. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் தனி மனிதரின் கால்களுக்கு வேலை இல்லை. கூட்டமே நீரைப் போல அலையடித்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகும். பத்து நிமிடம் இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள். அடுத்த ரயிலில் போகலாம். ஒருவேளை சிக்கிக்கொண்டால், முழங்கைகளை மடக்கி மார்புக்கு முன்னே வைத்து மூச்சுக்கு இடம் செய்துகொள்ளுங்கள்; கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதன் ஓட்டத்தோடு போய்க்கொண்டே குறுக்காக ஓரத்துக்கு வாருங்கள். ஆற்று வெள்ளத்தில் நீந்துபவர் செய்வதும் இதுதானே!

இரவு ஆட்டமானால் அன்றே பொன்னேரியில் இறங்கி ஊருக்குப் பேருந்து பிடிப்பது நடக்காது. சென்னையில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் புறப்படுங்கள். அதற்குள் இரவோடு இரவாக நிலம் கடலைவிடக் குளிர்ந்திருக்கும். மேற்குக் கரையோரத் தென்னையின் ஓலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று ஏரிக்கரையில் பாருங்கள். கடற்காற்று நின்று கரைக்காற்று தொடங்கும் வேளை நாளுக்கு நாள் மாறும். ஒரு கழியில் துணிப்பட்டை கட்டி, திசைகாட்டி ஒன்றையும் ஈரக்குமிழ் வெப்பமானியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை 7 மணி, நண்பகல், மாலை 5 மணி என மூன்று வேளையும் ஒரு மாதம் குறித்துவாருங்கள். கடற்காற்று தாமதமாக வந்த நாட்களுக்கும் அதிக வெப்பம் பதிவான நாட்களுக்கும் உள்ள தொடர்பு உங்கள் குறிப்பேட்டிலேயே தெரியும்.